அருளப்பு அண்ணையிடம் நான் தோற்ற பின்னேரம்

போன கிழமை தலைமயிர் வெட்டப் போயிருந்தேன். சலூனுக்குப் போவது எனக்கு எப்போதும் கொஞ்சம் கூச்சமான காரியம். அரை மணி நேரம் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அதனால் சுவரில் பூட்டியிருக்கிற தொலைக்காட்சியைப் பார்ப்பேன். அன்றைக்கு அதில் மல்யுத்தம் ஓடிக்கொண்டிருந்தது. பெருத்த இரண்டு மனிதர்கள் கயிற்றில் மோதித் திரும்பி வந்து ஒருவரையொருவர் தூக்கி எறிந்தார்கள். முறைக்காகக் காத்திருந்த இரண்டு இளைஞர்கள் அதைப் பார்த்துத் தர்க்கப்பட்டார்கள்.

"உது முழுக்க எழுதி வைச்சுப் பிடிக்கிறது. ஆர் வெல்லுறதெண்டு முதலே முடிவு."

"அது எனக்கும் தெரியும். ஆனா அவங்கள் அதை வெளியிலை ஒத்துக்கொண்டதுதான் பிழை. கடைசி வரைக்கும் அடிதான் எண்டு நிண்டிருக்கோணும்."

சலூன்காரர் கத்தரிக்கோலை நிறுத்தினார். "பொய்யெண்டு தெரிஞ்சால் பிறகென்ன கோதாரிக்கு வாயைப் பிளந்துகொண்டு பாக்கிறியள்?"

"ஐயா, நீங்கள் சொல்லுங்கோ" என்று ஒருவன் என்னைக் கேட்டான். நான் தலையை ஆட்டினேன். "காது போகப் போகுது, ஆட்டாதேங்கோ" என்று சலூன்காரரிடம் ஏச்சு வாங்கினேன். என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. ஆனால் அது நீளமான பதில். கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு சொல்லக்கூடியதல்ல. உங்களுக்கென்றால் ஆறுதலாகச் சொல்லலாம்.

வெட்டி முடித்துப் பிடரியில் பவுடர் தட்டினார். பவுடர் மணத்துக்கு மற்றவர்களுக்குக் குழந்தை நினைவு வரும், கலியாண வீடு நினைவு வரும். எனக்கு அருளப்பு அண்ணையின் வெள்ளை பூசின முகம்தான் வரும். அந்த முகத்தில் பவுடரை எறிந்தவன் நான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. குருநகரை அண்டிய கரையில் இருந்தோம். யுத்தத்தால் கடலுக்குப் போகத் தடை. வள்ளங்கள் மணலில் கவிழ்ந்து கிடந்தன. ஆண்கள் முழுப்பகலும் வீட்டில் நின்றார்கள். பெண்களுக்கு அது பெரிய தலையிடி. சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குச் சனசமூக நிலையத்தில் டெக்கில் வீடியோ போடுவார்கள் என்பதுதான் எல்லாருக்கும் இருந்த ஆறுதல். ஜேர்மனியில் இருந்து யாரோ அனுப்பிய மல்யுத்த வீடியோக் கொப்பி, கொப்பிக்குக் கொப்பி அடித்து எங்களிடம் வரும்போது திரை முழுக்க வெள்ளைக் கோடாக இருக்கும். நாங்கள் பார்த்த மல்யுத்தத்தில் எப்போதும் மழை பெய்தது. அந்த மழைக்குள்ளே பச்சை நிற மனிதர்கள் மெதுவாக விழுந்து எழும்புவார்கள். வெளியே வெயில், உள்ளே வியர்வையும் பீடியும் கருவாடும் கலந்த மணம். இப்போது நினைத்தாலும் அது கடலுக்கு அடியில் நடந்தது போலத்தான் இருக்கிறது.

முன்வரிசையில், கவிழ்த்த மீன்பெட்டியின் மேல் பாவிலு மாமா இருப்பார். எனக்குத் தூரத்து முறையில் மாமா. ஆங்கிலப் பெயர்கள் அவருக்கு வராது. மஞ்சள் தலையன், பனங்காய், கோயில் தூண் என்று அவரே பெயர் வைத்திருந்தார். "எடேய் பின்னாலை வாறான்ரா! திரும்படா!" என்று கத்துவார். மஞ்சள் தலையன் திரும்பாமல் அடி வாங்குவான். மாமா எங்களைத் திரும்பிப் பார்த்து, "சொல்லச் சொல்லக் கேக்கிறானில்லை" என்று வருத்தப்படுவார்.

யாராவது இது நடிப்பு என்று சொன்னால் விடமாட்டார். "கூத்திலை வெட்டினால் தலை விழாது. அது எனக்கும் தெரியும். இது அப்பிடியோ? அவன்ரை முகத்தைப் பார். உது நடிப்பெண்டால் நான் முப்பது வரியம் கடலுக்குப் போனதும் நடிப்பு."

கூத்து அவருக்கு ஆகாது. அவருடைய தமையன் கூத்தில் ராசா வேடம் கட்டியவர். வீட்டில் அடுப்பெரியாத நாளிலும் ராசாவாகவே நடந்தாராம். "வேசக்காரனுக்கு என்ரை பெட்டையைக் குடுக்கமாட்டன்" என்று ஊருக்கே தெரியச் சொல்லி வைத்திருந்தார்.

அந்தப் பெட்டைதான் மாமாவின் மகள் ஜெசிந்தா. நான் அப்போது தையல் கடையில் வேலை. ஒருநாள் தகப்பனின் காற்சட்டையைக் கொண்டுவந்து வைத்து, "ரண்டு இஞ்சு கட்டையாக்கோணும்" என்றாள். அவ்வளவுதான் எங்கள் காதல். அந்தக் காற்சட்டையை நான்கு நாட்கள் வைத்திருந்து தைத்தேன். மற்றபடி ஞாயிறு பூசையில் அவள் பெண்கள் பக்கத்தில் இருப்பாள், நான் பின்னால் பாடகர் குழுவில் நிற்பேன். நாலு பேருக்கு முன்னால் கதைக்க வராத எனக்குப் பாட்டு மட்டும் வரும். அம்மா போய்ப் பெண் கேட்டபோது பாவிலு மாமா, "பெருநாள் முடியட்டும், யோசிச்சுச் சொல்லுறன்" என்றிருக்கிறார். "பொடியன் வாயில்லாதவன். ஆனா வேசம் போடத் தெரியாது" என்றும் சொன்னாராம். அம்மா அதைப் பெருமையோடு வந்து சொன்னா.

அந்த வருடக் கோயில் பெருநாளுக்குத்தான் இளைஞர்கள் கூத்து வேண்டாம், மல்யுத்தம் வேண்டும் என்று நின்றார்கள். கூத்துப் பழக்குகிற அண்ணாவியாருக்கு முதலில் கோபம். பிறகு, "அப்ப அதையும் நானே பழக்கிறன்" என்றார். நல்லவனாக அருளப்பு அண்ணை. மூன்று பெருநாளில் ராசா வேடம் கட்டியவர், நல்ல தோள். கெட்டவனாக வர இருந்தவர் ஐந்து நாட்களுக்கு முன்னால் வெளிநாடு போகவென்று கொழும்புக்குப் பஸ் ஏறிவிட்டார். அந்த நாட்களில் அப்படித்தான், ஆட்கள் பாதியில் காணாமல் போவார்கள்.

இதை அறியாமல் நான் அவருக்கு முகமூடி தைத்துக்கொண்டிருந்தேன். கறுப்பு லைனிங் துணி. அளவெடுக்க அவருடைய தலை வராததால் என் தலையை அளந்து தைத்தேன். கண் ஓட்டை சரியோ என்று போட்டுப் பார்த்த நேரத்தில் அண்ணாவியார் கடைக்குள் வந்தார். கனநேரம் பார்த்தார்.

"கழட்டாதை" என்றார். "அப்பிடியே நில்லு. அதுக்குள்ளை நீ ஆரெண்டு கர்த்தருக்கே தெரியாது."

ஏன் ஒத்துக்கொண்டேன் என்று நானே பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த முகமூடிக்குள் மூச்சு முட்டியது, ஆனால் கூச்சம் வரவில்லை. அதுதான் காரணமாக இருக்க வேண்டும். மெலிந்த உடம்புக்கு நான் என்ன செய்வது? தைத்து மிஞ்சின வெட்டுத்துணியைப் பெனியனுக்குள் அடைத்து வயிறும் தோளும் உண்டாக்கினேன்.

வள்ளக் கொட்டிலுக்குள் ஐந்து நாள் பழகினோம். அண்ணாவியார் மத்தளத்தோடு இருந்தார். "தா எண்டால் கை ஓங்கு, தெய் எண்டால் விழு. அடிக்கிறதை ஆரும் செய்வான், விழுறதுதான் வித்தை" என்பார். கண்ணில் மண் எறிகிற இடத்துக்கு மண் வேண்டாம், பவுடர் போதும் என்று நான்தான் சொன்னேன். கடைசியாக அவர் கண்டிப்பாக ஒன்று சொன்னார்: "பாட்டு ஒண்டும் இல்லை. கூத்தெண்டு ஒரு சனத்துக்கும் தெரியக்கூடாது."

பெருநாளன்று பின்னேரம் நான்கு மணி. கடற்கரை மணலில் நாலு பனங்குற்றி நட்டு வள்ளத்து நைலோன் கயிறு கட்டியிருந்தார்கள். மணலுக்கு மேல் படங்குத் துணி விரித்திருந்தது. மத்தளம் அடிப்பதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை, வள்ளப் போட்டிக்கும் அடிப்பதுதானே. நான் உள்ளே போனதும் சனம் கூவியது. என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் என்னைப் பார்த்ததில்லை. நான் கையை முறுக்கிக் காட்டினேன். படங்கில் கிடந்த மணலைக் காலால் எற்றினேன். யார் அதைச் செய்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. பாவிலு மாமா முன்னால் நின்று, "எட மூடுமூஞ்சி! ஆம்பிளையெண்டால் நேரை வாடா!" என்று பனங்கொட்டையால் எறிந்தார். அது முதுகில் பட்டது. வெட்டுத்துணி காப்பாற்றியது.

பவுடரை எறிந்தேன். அருளப்பு அண்ணை கண்ணைப் பொத்திக்கொண்டு தள்ளாடினார். கலியாண மாப்பிள்ளை மாதிரி மணத்தார், ஆனால் அந்த மணம் ஒருவருக்கும் எட்டவில்லை போலும், பெண்கள் அழுதார்கள். பெண்கள் பக்கம் ஜெசிந்தாவும் அழுகிறாளோ என்று ஒரு கணம் பார்த்தேன். அந்தக் கணத்தில் ஒரு "தெய்" தவறிவிட்டது. விழ வேண்டியவன் நின்றேன். அவருடைய முழங்கை என் வாயில் இடித்தது. முகமூடிக்குள் இரத்தம் உப்புக் கரித்தது. என்னை மல்லாத்தி மேலே படுத்தவர் காதுக்குள், "நொந்துபோச்சோடா?" என்றார். "இல்லையண்ணை, வடிவாய்ப் பாரமாய்ப் படுங்கோ" என்றேன்.

மூன்று எண்ணினார்கள். கரை அதிர்ந்தது. அப்போதுதான் அது நடந்தது. முப்பது வருடமாகக் கூத்து முடிந்ததும் அண்ணாவியாரின் கை அடித்தது மங்களத் தாளம். அன்றைக்கும் கை தானாகப் போய்விட்டது. மங்களத்துக்குச் செத்தவனும் கொன்றவனும் சேர்ந்து நிற்பதுதான் முறை. அருளப்பு அண்ணை யோசிக்காமல் கையைக் கொடுத்து என்னைத் தூக்கினார். நானும் யோசிக்காமல் எழும்பினேன். இருவரும் கைகூப்பி நின்று மங்களம் பாடினோம். இரண்டாம் அடியை நான் மேலே எடுத்துப் பாடினேன்.

பாடும்போதே பிழை விளங்கிவிட்டது. பாவிலு மாமாவின் திறந்த வாய் மெல்ல மூடியது. ஞாயிறு தோறும் பூசையில் கேட்கிற குரல் அவருக்குத் தெரியாதா? ஜெசிந்தா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா, பயந்தாளா என்று பிறகு எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நினைவில்லை என்கிறாள்.

அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. அடி மெய்யென்றால் நான் கண்ணில் மண் எறிகிற கெட்டவன். பொய்யென்றால் வேசக்காரன். எப்படிப் பார்த்தாலும் பெண் இல்லை.

அடுத்த நாள் காலையில் பாவிலு மாமா கடைக்கு வந்தார்.

"தம்பி, நேற்று நீயோ?"

"ஓம் மாமா. ஆனா அது... பழக்கினது மாமா. அண்ணாவியார்தான் தாளத்துக்கு..."

அவர் கிட்ட வந்து என் வாயைப் பார்த்தார். வீங்கிப் போயிருந்தது. "உந்தச் சொண்டு? உதுவும் பழக்கினதோ?"

சூடான மினுக்குப்பெட்டியைக் காற்சட்டையில் வைத்தபடி நின்றேன். துணி கருகுகிற மணம் வந்தது.

"இல்லை மாமா. அது அடி."

"அப்ப அடிதான்!" வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய முகத்தில் அப்படியொரு நிம்மதி. "பிறகேன் பழக்கினதெண்டு சொன்னனி? தோத்தது வெக்கமோ?"

நான் பேசாமல் நின்றேன். வாழ்க்கை முழுக்க எனக்குக் கெடுதல் செய்த அந்தப் பேசாமை அன்று ஒருநாள் உதவியது.

"தோக்கிறதிலை என்னடா வெக்கம்? அவன் கைகுடுத்தான், நீ எழும்பினாய், சேர்ந்து நிண்டு பாடினியள். உதை வெள்ளைக்காரன் செய்வானோ? ஆனா கண்ணுக்குள்ளை மண் எறிஞ்சது பிழை. போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்திட்டு வா. பிறகு கதைப்பம்."

போனேன். மரத்தட்டிக்கு அப்பால் பாவம் கேட்க இருந்த சுவாமிக்கு, "மண் எறிஞ்சமாதிரிச் செய்தன் சுவாமி. ஆனா அது மண் இல்லை, பவுடர்" என்றேன். தட்டி லேசாக ஆடியது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். "மூண்டு அருள் நிறைந்த மரியே சொல்லு. எறிஞ்சதுக்கு ஒண்டு, எறியாததுக்கு ஒண்டு. மற்றது பாவிலுவுக்கு."

தை மாதம் எங்களுக்குக் கலியாணம் நடந்தது.

அதற்குப் பிறகு மாமா அந்தச் சண்டையைச் சொல்லாத நாள் இல்லை. சொல்லச் சொல்ல நான் வளர்ந்தேன். ஒரு வருடத்தில் ஆறடி ஆகிவிட்டேன். அந்த ஆளைப் பார்க்க வேண்டுமென்று கடைக்கு வருகிறவர்கள் என்னைக் கண்டுவிட்டு, "அண்ணை, மற்றாள் எங்கை?" என்பார்கள். நான் "சாப்பிடப் போயிட்டார்" என்று அனுப்பிவிடுவேன்.

தொண்ணூற்றைந்தில் யுத்தத்துக்குப் பயந்து ஊரோடு பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். ஒரு வகுப்பறையில் ஒன்பது குடும்பம். மழை விடவில்லை. வீடு, வள்ளம், வலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த மாமா அவற்றைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. ஒரு பின்னேரம் பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சண்டையைச் சொல்லத் தொடங்கினார். சுவரில் சாய்ந்திருந்த ஒரு இளைஞன் சிரித்தான்.

"அப்பு, உதெல்லாம் பழக்கிப் பிடிக்கிறது. பேப்பரிலையும் வந்திட்டுது."

வழக்கம்போலக் கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. வாயில் வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு என்னைத் தேடினார்.

"தம்பி, நீ சொல்லு. நீதானே அதுக்குள்ளை நிண்டனி."

வகுப்பறை முழுக்க என்னைப் பார்த்தது. வாங்கில் ஈரத்துணி விரித்துக்கொண்டிருந்த ஜெசிந்தாவும் பார்த்தாள். முகமூடி இல்லாமல் அத்தனை பேருக்கு முன்னால் நான் சத்தமாகக் கதைத்தது அந்த ஒரு தடவைதான்.

"அடிதான்" என்றேன். "அஞ்சு நாள் சோறு விழுங்கேலாமல் கிடந்தனான்."

அது பொய். பெருநாள் இரவே பாணும் இறைச்சிக் கறியும் சாப்பிட்டவன் நான். மாமா அந்த இளைஞனைப் பார்க்கக்கூட இல்லை. சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "பின்னேரம் நாலு மணி இருக்கும்" என்று முதலில் இருந்து தொடங்கினார்.

அவர் ஊர் திரும்பவில்லை. மாசி மாதம் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே போய்விட்டார். நாங்கள் திரும்பி வந்தபோது சனசமூக நிலையத்துக்குக் கூரை இல்லை. அண்ணாவியாரும் இல்லை. அருளப்பு அண்ணை நோர்வேயில் என்று சொன்னார்கள். சண்டை நடந்த மணலில் இப்போது வீடுகள் நிற்கின்றன.

பிள்ளைகள் வளர்ந்த பிறகு இந்தக் கதையை அவர்களுக்குச் சொன்னேன். நன்றாகச் சிரித்தார்கள். "அருளப்பு மாமா வெல்லோணுமெண்டு ஆரப்பா முடிவெடுத்தது?" என்று மகள் கேட்டாள். நல்ல கேள்விதான், புத்தியுள்ள பிள்ளை. பாவிலு மாமா இருந்திருந்தால் அந்தக் கேள்வியைப் பொறுக்காமல் எழும்பி வெளியே போயிருப்பார். அடிதான் என்று நம்பி அப்படி எழும்பிப் போகிறவர்கள் எங்கள் கரையில் இப்போது ஒருவரும் இல்லை.