கட்டிலுக்கு நேரே ஜன்னல்

அலுவலகத்தில் அவருக்கு ‘காத்து’ என்றே பெயர். வீட்டு வரைபடம் போடுகிறவர். காற்று எந்த ஜன்னலில் நுழைந்து எதில் வெளியேறும் என்று அம்புக்குறி போடாமல் ஒரு படத்தையும் விடமாட்டார். முதலாளி இன்ஜினியர் அந்த ஜன்னலை அடித்துவிட்டு அலமாரி போடச் சொல்வார். இருபது வருடம் வாதாடி வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஊரார் வீட்டுக்கெல்லாம் காற்று வரைந்த இந்த மகானுபாவர் குடியிருந்ததோ, சாயங்கால வெயில் சுவரைக் காய்ச்சும் ஒற்றை ஜன்னல் வாடகை வீட்டில். மனைவிக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. இரண்டு முறை அடுப்படியில் மயங்கி விழுந்தாள். அவளுக்காகத்தான் துண்டு நிலம் வாங்கி வீடு கட்டினார். வெயில் இறங்காத இரட்டை ஓட்டுக் கூரை, அகலமான சன்ஷேடு, சூடு வெளியேற உச்சியில் திறப்பு. அவள் கட்டிலுக்கு நேரே தெற்கு ஜன்னல்.

முதல் கோடையில் மின்விசிறிகூடப் போடாமல் மத்தியானம் தூங்கி எழுந்தாள். “இப்பத்தாங்க மனுஷியா இருக்கேன்” என்றாள். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

அலுவலகத்தில் ஒரு பழக்கம். வரைகிறவர் கைக்கு வருவது மனையின் அளவு மட்டும். பெயரும் முகவரியும் இன்ஜினியர் மேஜையோடு சரி. ஒருநாள் குறுகலான மனை ஒன்று வந்தது.

“வடக்குப் பக்கம் இடம் விடணும் சார். பக்கத்து வீட்டுக்குக் காத்து அடைஞ்சிடும்.”

“யோவ் காத்து, உனக்கு எங்கய்யா வலிக்குது? எல்லை வரைக்கும் சுவரை இழு. ஏசி பெட்டி மூணையும் அந்தப் பக்கமே மாட்டு. முன்னாடி இருந்தா அசிங்கம்.”

யார் வீட்டுக் காற்றோ என்று கோட்டை இழுத்தார். அன்றைக்கென்று சலித்துப் போயிருந்தது.

தன் வீட்டுக்குத் தெற்கே இருந்த காலி மனையில் அஸ்திவாரம் தோண்டியபோதே அளவு பிடிபட்டது. இன்ஜினியரிடம் ஓடினார்.

“அனுமதி வாங்கியாச்சேய்யா. படம் போட்டதே நீதானே?”

சுவர் எழும்பியது. அவர் வரைந்த இடத்தில், அவர் வரைந்த வரிசையிலேயே மூன்று பெட்டிகள் ஏறின. கோடை வந்ததும் அவற்றின் அனல் நேரே கட்டிலுக்கு வந்தது. அவள் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். கழுத்தில் வேர்க்குரு மறுபடி சிவந்திருந்தது.

“இப்படி மூச்சு முட்ட ஒரு வீட்டுக்குப் படம் போட்டானே, அவன் நல்லா இருப்பானா?”

“இருக்க மாட்டான்” என்று சொல்லிவிட்டு, அவர் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.