மஞ்சள் கோடு போட்ட நான்கு போல்ட்டுகள்

அப்பா போட்ட நிபந்தனை ஒன்றுதான். முதல் நாள் மாலை ஐந்து மணிக்குள் நான் மரக்காணம் போய்ச் சேர்ந்து, ஊர்ப் பெயர்ப் பலகையோடு ஒரு போட்டோ அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அவர் லோடு வேனை எடுத்துக்கொண்டு வந்து, என்னையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு அயனம்பாக்கம் திரும்பிவிடுவார். கடலோரமாக ராமேஸ்வரம் வரை தனியாக ஒன்பது நாள் என்ற என் திட்டம் அத்தோடு முடிந்துவிடும்.

"ஒரு நாளு நீ ஓட்றத பாத்தாதான் மிச்ச எட்டு நாளு எனக்கு தூக்கம் வரும்," என்றார்.

நசரத்பேட்டை குடோனிலிருந்து குழாய் ஏற்றி ஊர் ஊராக இறக்குவது அவர் தொழில். நேரம் சொன்னால் சொன்னதுதான். நானும் ஒப்புக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பினேன். காட்டுப்பாக்கம் டீக்கடையில் முதல் பால் பொங்கிக்கொண்டிருந்தது. கிண்டி தாண்டி, திருவான்மியூரில் கடற்கரைச் சாலையில் திரும்பியபோது நல்ல வெளிச்சம். முட்டுக்காடு பாலத்தில் காற்று முகத்தில் அடித்ததும் நான் வாய்விட்டுக் கத்தினேன். பக்கத்தில் போன பால் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். அடுத்த பாலத்திலும் கத்தினேன். மாமல்லபுரத்தில் நான்கு இட்லி, ஒரு வடை. கல்பாக்கம் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் பத்து நிமிட ஓய்வு. போட்டிருந்த அட்டவணையைவிட நாற்பது நிமிடம் முன்னால் இருந்தேன். தொடை வலித்தது, அதுவும் பிடித்திருந்தது.

கடப்பாக்கம் வரும்போது பின்னாலிருந்து கடகடவென்று சத்தம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனை என் வேலை. சத்தம் கேட்டால் வரிசையாகத் தேட வேண்டும் என்று பழகிய கை. மதியம் இரண்டு மணிக்கு ஓர் இளநீர்க் கடை ஓரம் சைக்கிளைச் சாய்த்துத் தொடங்கினேன். செயின், பெடல், பிரேக் கட்டை, பின் சக்கரத்துக் கம்பிகள். எல்லாம் சரியாக இருந்தன. நூறு அடி ஓட்டிப் பார்த்தால் அதே கடகட. மறுபடியும் செயினிலிருந்து ஆரம்பித்தேன்.

இளநீர் சீவிக்கொண்டிருந்த அக்கா என்னையும் என் இரண்டு பைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா பாப்பா, ஊட்ல சண்டையா? புருஷனாண்ட கோச்சிகினு கெளம்பிட்டியா?"

"கல்யாணமே ஆவலக்கா. ராமேஸ்வரம் போறேன்."

"கல்யாணத்துக்கு முன்னாடியே சன்னியாசமா! வெவரமான பொண்ணுதான்."

சிரித்துக்கொண்டே மணி பார்த்தேன். இரண்டு ஐம்பது. சிரிப்பு நின்றுவிட்டது. இன்னும் இருபத்திரண்டு கிலோமீட்டர், அதுவும் எதிர்க்காற்றில்.

அக்கா எழுந்து வந்து பின் கேரியரை ஒரு கையால் பிடித்து ஆட்டினார். "இந்த கம்பி ஆடுது பாரு."

"அது இல்லக்கா. அத டைட் பண்ணிட்டேன்."

"நீ டைட் பண்ணது எனக்கின்னா தெரியும்? ஆடுது."

எங்கள் தொழிற்சாலையில் ஒரு போல்ட்டை முறுக்கி முடித்ததும் அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுவோம். கோடு இருந்தால் வேலை முடிந்தது. அதை மறுபடி யாரும் தொட மாட்டார்கள். கேரியரின் நான்கு போல்ட்டுகளுக்கும் வீட்டில் அப்படித்தான் கோடு போட்டிருந்தேன். அதனால்தான் ஐம்பது நிமிடமாக சைக்கிளில் மற்ற எல்லாவற்றையும் தொட்டேன், அந்த நான்கை மட்டும் தொடவில்லை.

குனிந்து பார்த்தேன். இடப்பக்கக் கீழ் போல்ட் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. சைக்கிள் சட்டத்தில் பாதி மஞ்சள் கோடு இருந்தது. மீதிப் பாதி போல்ட்டோடு எங்கோ விழுந்துவிட்டது.

எப்படி என்பது உடனே புரிந்தது. மூடியைத் திறந்தால் அந்தப் பேனா முனை சீக்கிரம் காய்ந்துவிடும் என்று, நான்குக்கும் முதலிலேயே கோடு போட்டுவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக முறுக்கினேன். மூன்றாவது முடிந்ததும் அம்மா தோசைக்குக் கூப்பிட்டார். திரும்பி வந்து பார்த்தால் நான்கிலும் கோடு; எல்லாம் முடிந்தது என்று விட்டுவிட்டேன். வேலையில் யாராவது இப்படிச் செய்திருந்தால் நானே புகார் எழுதிக் கொடுத்திருப்பேன்.

"இன்னா, நான் சொன்னது கரெக்டா?" என்றார் அக்கா.

"கரெக்ட்டுக்கா."

"அப்ப நானும் இஞ்சினீருதான்."

மாற்றுப் போல்ட் பையில் இல்லை. ஆனால் தண்ணீர் பாட்டில் மாட்டும் கூட்டில் இரண்டு இருந்தன, அதே அளவு. ஒன்றைக் கழற்றி அலன் கீயால் கேரியரில் முறுக்கினேன். மற்ற மூன்றையும் முறுக்கிப் பார்த்தேன். ஆடிய பாட்டில் கூட்டை அக்கா இளநீர்க் குலை கட்டும் நைலான் கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினார். பிறகு கேரியரைப் பிடித்து, சைக்கிளே மேலே எழும்பும் அளவுக்கு ஆட்டிப் பார்த்தார்.

"போ. உயுந்தா என்னாண்ட வா."

மூன்று இருபத்தைந்து. கடல் காற்று நேராக நெஞ்சில் தள்ளியது. தலையைக் குனிந்து, வேக மீட்டரை மட்டும் பார்த்து மிதித்தேன். கடகட இல்லை. சாலைக்கு இரண்டு பக்கமும் உப்பளங்கள் வந்தபோது நான்கு முப்பத்தைந்து. வெள்ளைக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. மரக்காணம் பலகையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபோது நான்கு ஐம்பத்தொன்று. வியர்வை வழிய, பல்லெல்லாம் தெரிய ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டேன்.

போனில் அலைச் சத்தம் கேட்டது. நான் நின்ற இடத்தில் கடலே கண்ணுக்குத் தெரியவில்லை.

"எங்கப்பா இருக்க?"

"கோவளத்துல கீறேன்."

"கோவளத்துலயா!" காலையில் முட்டுக்காடு தாண்டியதும் நான் கடந்து வந்த ஊர் அது.

"அஞ்சு மணிக்கு மேல கெளம்புனா நான் எப்ப வந்து சேர்றது? அதான் ரெண்டு மணிக்கே வண்டிய எடுத்தேன். உங்கம்மா கடல் பாக்கணும்னா, நிறுத்துனேன்."

அம்மா போனைப் பிடுங்குவது கேட்டது. "பொய்யிடி. நான் ஒண்ணும் கேக்கல. இவருதான், 'மெதுவா போலாம், புள்ள போய் சேரட்டும்'னு ஓரங்கட்னாரு. ஒரு மணி நேரமா சுண்டல் துன்னுகினு கீறோம்."

நான் பலகையின் கீழேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

போன் மறுபடி அப்பா கைக்குப் போனது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாளைக்கு எந்த ஊரு?"

"சிதம்பரம்பா."

"அவ்ளோ தூரம்லாம் என்னால வர முடியாது. நாளைக்கு லோடு கீது. நீயே பாத்து போய்க்கோ."