அரை மணி பின்னால்

போன ஞாயிற்றுக்கிழமை டோம்பிவிலியிலிருந்து ஒரு வாசகர் வந்திருந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், கக்கத்தில் ரயில்வே டைம்டேபிள். பழத்தைப் பார்த்து வந்த சந்தோஷம் டைம்டேபிளைப் பார்த்ததும் போய்விட்டது.

அப்பா அம்மாவைக் காசிக்கு அழைத்துப் போகவேண்டுமாம். இடார்சியில் வண்டி மாறுவதா, அலகாபாத்தில் மாறுவதா?

"நீங்க போட்டுக் கொடுத்தா கனெக்‌ஷன் சேஃபா இருக்கும்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்றா, சார்."

முடியாது என்று சொல்லிவிட்டேன். மனிதர் முகம் சுண்டிப்போய்விட்டது. காபி கொடுத்தும் தெளியவில்லை.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்குத் தெரியும் — எனக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் டைம்டேபிள். வெற்றிலை கிடையாது, சீட்டு கிடையாது. மத்தியானம் சாய்ந்தால் மற்றவர்கள் துப்பறியும் நாவல் படிப்பார்கள். நான் டைம்டேபிள் படிப்பேன். யாராவது பெட்டி கட்டுகிறார்கள் என்றால் வலியப் போய் வழி சொல்வேன். அதை விட்டுவிட்டேன். ஏன் என்று டோம்பிவிலிக்காரரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

சுடலைமுத்து தாராவியில் ஒரு லேத் பட்டறையில் டர்னர். திருநெல்வேலிப் பக்கம். எங்கள் மாதுங்கா கட்டடத்துத் தண்ணீர் பம்ப் மக்கர் செய்யும்போதெல்லாம் அவர்தான் வருவார். அவருடைய அக்கா கராச்சியில் இருக்கிறாள்.

கராச்சியிலா? நானும் உங்களைப் போலத்தான் வாயைப் பிளந்தேன்.

"எல்லாம் ஒண்ணா இருந்த காலத்துல போனாக சார். அத்தானுக்கு அங்க ஹார்பர்ல வேல. பிறகு கோடு போட்டானுக... இவுக அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாக."

அந்த அக்காவின் மகளுக்கு ஆவணிக் கடைசியில் கல்யாணம். முத்துதான் ஒரே தாய்மாமன். அவர் மாலை போட்டு, பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வரவேண்டும். வேறு யார் செய்தாலும் அது ஒப்புக்குச் செய்ததுதான். பாஸ்போர்ட் வாங்கிவிட்டார். விசா வாங்கிவிட்டார். பட்டறை சேட்டிடம் கெஞ்சி லீவும் வாங்கிவிட்டார் — மூன்றில் அதுதான் கஷ்டமாக இருந்ததாம். கப்பல் தேதி கல்யாணத்துக்குப் பிந்தி விழுந்தது. ரயிலை விட்டால் வழி இல்லை. பம்பாய்ப் பழக்கத்தில் முத்துவுக்கு ரயில் 'காடி'.

"நடுவுல எங்கயும் காடி தவறிரக் கூடாது சார். நான் போய்ச் சேரலன்னா அக்கா அங்க தல குனிஞ்சு நிக்கணும்."

விடுவேனா? அன்று மாலையே உட்கார்ந்தேன். பாம்பே சென்ட்ரலில் ஏறினால் ஆமதாபாத். அங்கே சின்ன வண்டிக்கு மாறி மார்வார் ஜங்ஷன். பிறகு ஜோத்பூர். பிறகு பார்மேர். அதற்கப்புறம் பாலைவனத்தில் முனாபாவ் — அதுதான் நம்முடைய கடைசி ஸ்டேஷன். கோட்டைத் தாண்டிவிட்டால் அவர்கள் வண்டி கராச்சிக்குக் கொண்டு சேர்த்துவிடும்.

ஒவ்வொரு ஜங்ஷனிலும் தாராளமாக இடைவெளி விட்டேன். ஒரு வண்டி லேட்டானாலும் அடுத்தது தப்பாது. மழையில் தண்டவாளம் அரித்துவிட்டால்? அதற்கும் உபரி நாள் சேர்த்தேன். இதைவிட சேஃபாக ஒரு பிரயாணத்தை யாராலும் போட்டிருக்க முடியாது என்று எனக்கு உள்ளூர ஒரு கர்வம்.

கடைசியாக ஒன்று சொன்னேன். எல்லை தாண்டியதும் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னால் தள்ளி வைக்க வேண்டும். அங்கே நேரம் வேறு.

முத்து நம்பவில்லை. "ரெண்டு பக்கமும் ஒரே வெயில்தான சார்?"

"சர்க்கார் வேற ஆயிடுத்தே. நேரமும் வேறதான்."

கைக்கடிகாரத்தைத் தூக்கிப் பார்த்தார். "அப்பம் முகூர்த்தம் எந்த டயத்துல சார்?"

நியாயமான கேள்வி. அவர்கள் நேரத்தில்தான் என்றேன். அங்கே போன சந்தோஷத்தில் மறந்துவிடுவோமோ என்று பயந்து, அப்போதே கடிகாரத்தைத் திருகப் போனார். பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். இங்கேயே மாற்றினால் வழியில் இருக்கிற அத்தனை வண்டியும் அரை மணி முன்னால் போய்விடாதா? எல்லை தாண்டின பிறகுதான் தொடவேண்டும் என்று சத்தியம் வாங்காத குறை.

பெண்ணுக்குப் பட்டுப்புடவை. பூமாலை வழியில் வாடிவிடும் என்பதால் ஏலக்காய் மாலை. நானே ஸ்டேஷன் வரை போய் ஏற்றிவிட்டு வந்தேன். காஷ்மீரில் சண்டை என்று பேப்பரில் போட்டிருந்தது. அதனால் என்ன? காஷ்மீர் எங்கே, பார்மேர் எங்கே...

மீதிதான் உங்களுக்கே தெரியுமே. சில நாட்களில் பாகிஸ்தானோடு சண்டை முற்றி, பம்பாய் முழுக்க ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டியாயிற்று. விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது எனக்கு ஒரே யோசனை. இந்நேரம் ஜோத்பூர் தாண்டியிருப்பாரா? எல்லையைத் தாண்டியிருந்தால் திரும்பி வருவது எப்படி? தாண்டாவிட்டால் அக்காவின் கதி? எது நடக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்வது? அதுகூட எனக்குத் தெரியவில்லை.

சண்டை நின்ற பிறகு ஒரு சாயங்காலம் முத்து வந்தார். முகத்தில் தாடி. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"எல்லா காடியும் நீங்க சொன்ன டயத்துக்கே வந்துச்சு சார். பார்மேர் வர ஒரு கொறையும் இல்ல. அதுக்கு மேல காடியே கெடயாதுன்னுட்டானுக."

நான் அத்தனை இடைவெளி விடாமல் இருந்தால் முந்தின வண்டியிலேயே எல்லையைத் தாண்டியிருப்பாரா? கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை.

போலீஸ்காரர்கள் பட்டுப்புடவையைப் பிரித்து உதறியிருக்கிறார்கள். மாலையை மோந்து பார்த்திருக்கிறார்கள். மதராஸிக்குக் கராச்சியில் ஏது அக்கா? தாராவி ஹிந்தியில் முத்து எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. பிளாட்பாரத்தை விட்டு நகரக்கூடாது என்று நாள் கணக்கில் உட்காரவைத்துவிட்டார்கள். அதில் ஒரு நாள்தான் முகூர்த்தம்.

"அப்பந்தான் சார் வாட்ச அரை மணி பின்னால வச்சேன்."

"நீங்கதான் எல்லை தாண்டலையே, முத்து."

"அவுகளுக்கு முகூர்த்தம் எப்பம்னு எனக்குத் தெரியணும்லா. முள்ளு அங்கன வந்ததும் மாலயக் கையில எடுத்துக்கிட்டு எந்திரிச்சு நின்னேன். போலீஸ்காரன் உக்காரச் சொல்லி பைட்டோ, பைட்டோன்னான். தாலி கட்டி முடிஞ்சிருக்கும்னு தோணுத வர நின்னுட்டு, உக்காந்துட்டேன்."

என் மனைவி காபி டம்ளரோடு நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

கல்யாணம் நடந்ததா? தெரியாது. மாலை போட்டது யார்? தெரியாது. அக்கா உயிரோடு இருக்கிறாளா? அதுவும் தெரியாது. இதுவரை ஒரு கடிதாசு இல்லை. சண்டை நின்றுவிட்டது; ரயிலும் நின்றது நின்றதுதான். அந்தப் பாதையில் தண்டவாளமே இல்லை என்கிறார் ஒருவர். இருக்கிறது, மணல் மூடிவிட்டது என்கிறார் இன்னொருவர். இருந்துதான் என்ன?

எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது. மழைக்கு இடம் விட்டேன், லேட்டுக்கு இடம் விட்டேன். மனிதர்கள் ஒரே நாளில் கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்பதற்கு எந்த ஜங்ஷனில் எத்தனை மணி நேரம் விடுவது? இரண்டு ஊருக்கும் நடுவில் அரை மணிதான் வித்தியாசம். அதைத் தாண்டுகிற வண்டி என் ஆயுசில் மறுபடி ஓடும் என்ற நம்பிக்கை எனக்குக் கொஞ்சமும் இல்லை.

டோம்பிவிலிக்காரர் வந்து போன மறுநாள் பம்ப் மறுபடி மக்கர். முத்து வந்து சரிசெய்தார். என் கடிகாரம் ரிப்பேரில் இருக்கிறது. மணி என்ன என்று அவரைக் கேட்டேன். பார்த்துச் சொன்னார். நிதானமாக நடந்து ஸ்டேஷனுக்குப் போனால் என் லோக்கல் எப்போதோ போய்விட்டது.

சாயங்காலம் அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"மறந்துட்டேன் சார். உங்களுக்குக் கூட்டிச் சொல்லியிருக்கணும்."

"திருப்பி வச்சுக்க வேண்டியதுதானே?"

"அங்கனக்குள்ள இப்பம் மணி என்னன்னாச்சும் தெரியட்டுமே சார். வேற ஒண்ணும் தெரியலையே."

ஆகவே, தாராவி, மாதுங்கா வாசகர்களே — முத்துவிடம் மணி கேட்டால் அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். கடிகாரத்தைத் திருத்தி வைக்கச் சொல்லாதீர்கள்.