ஸ்டெல்லா கேட்ட லேப்டாப்

ஜனவரி பிறந்ததும் நான் வசிக்கும் இந்த ஜெர்மானிய ஊரில் ஒரு வேடிக்கை நடக்கும். கிறிஸ்துமஸுக்கு அன்போடு வந்த பரிசுகளைத் தூக்கிக்கொண்டு போய், கடையில் திருப்பிக்கொடுக்க வரிசையில் நிற்பார்கள். வெட்கமும் இல்லை, சண்டையும் இல்லை. நம் உத்திரமேரூர் பஜாரிலோ ரசீதின் அடியிலேயே ‘விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது’ என்று அச்சடித்திருக்கும். மீறிப் போனால் கடைக்காரர் நம் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார். வந்த புதிதில் அந்த வரிசையைப் பார்த்துச் சிரித்தேன். இந்த ஜனவரியில் நானும் அதில் நின்றேன், கையில் ஒரு லேப்டாப்போடு.

அது என் தங்கை ஸ்டெல்லாவுக்கு வாங்கியது. எங்களுக்கு ஊர் உத்திரமேரூர் பக்கத்தில் மானாம்பதி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நடவுக்கும் அறுப்புக்கும் போய் எங்கள் இருவரையும் படிக்கவைத்தார்கள். நான் கம்ப்யூட்டரில் இயந்திரப் பாகங்கள் வரைகிற வேலைக்கு இங்கே வந்துவிட்டேன். அவள் உத்திரமேரூரில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் கம்ப்யூட்டரில் அமைத்துக்கொடுப்பாள். இருபத்தாறு வயதில் அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. என்னுடையது சேரவில்லை, அப்பா உயிரோடு இல்லை, அம்மாவுக்குச் சர்க்கரை. வாரத்தில் இரண்டு நாள் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறிப் போய், டயாலிசிஸ் கட்டிலில் ஒரு கையில் ஊசியோடு, சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். எனக்கு மட்டும் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து படம் வரைகிற வாழ்க்கை. என்ன கொடுமை இது என்று யாரைக் கேட்பது?

போனில் அவள் ஒருநாளும் அழுததில்லை. போன நவம்பரில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“பத்திரிகை வேலையும் செய்யணும், கார் ரேஸும் ஓடணும். ரெண்டுத்துக்கும் ஆவுற மாதிரி ஒரு லேப்டாப்பு வாங்கிக்கினு வாண்ணா. வெயிட்டா மட்டும் வாணாம். ஊசி போடுற கையால எதையும் தூக்கக்கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க.”

கார் ரேஸ் என்றால் அவளுக்கு உயிர். உத்திரமேரூரில் முதல் பிரவுசிங் சென்டர் வந்த நாளிலிருந்தே அப்படி. திரையில் வளைவு வந்தால் இவள் உடம்பும் சாயும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்மேல் வந்து இடிப்பாள். கார் கவிழ்ந்தால் எனக்குத்தான் திட்டு விழும்.

இங்கே கடைக்குப் போனால், விளையாட்டு லேப்டாப்புகள் ஒரு மேசையில், அலுவலக லேப்டாப்புகள் வேறொரு மேசையில். இவர்களுக்கு ‘ஃபைராபெண்ட்’ என்று ஒரு சொல் உண்டு. அன்றைய வேலை முடிந்துவிட்ட பொழுது. அதற்கு முன் வேலை, அதற்குப் பின் விளையாட்டு. இரண்டுக்கும் ஒன்றே வேண்டும் என்றதும் கடைப்பையன், நான் ஆபீசில் விளையாடத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக் கண்ணடித்து, உங்கள் மேலதிகாரிக்கு இது தெரியவே தெரியாது என்றான். எனக்கில்லை, தங்கைக்கு என்றேன். உடனே வெள்ளை நிறத்தில் ஒன்றை நீட்டினான். படுத்துக்கொண்டே ஒரு கையால் விளையாடுவாள் என்று சொன்னேன். பாக்கியசாலி என்று சிரித்தான். டயாலிசிஸ் என்ற வார்த்தை இங்கேயும் கிட்டத்தட்ட அதேதான், சொன்னால் புரிந்திருக்கும்.

மூலையில் ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. அதில் சாய்ந்து, ஒவ்வொரு லேப்டாப்பாக வயிற்றின்மேல் வைத்து, ஒரு கையை நீட்டிப்போட்டுவிட்டு மறு கையால் மட்டும் தட்டிப்பார்த்தேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நல்ல கிராபிக்ஸ் உள்ளவை அம்மிக்கல் கனம், வயிற்றைச் சுட்டன. லேசானவற்றில் கார் திக்கித்திக்கி ஓடியது. கடைசியில் சின்னத் திரையோடு ஒன்று அகப்பட்டது. கனமில்லை, காரும் ஓடியது.

ஊருக்குச் சாமான் கொண்டுபோகிறவர்களுக்கு அடுத்த வேலை என்னவென்று தெரியும். புதிதாகத் தெரிந்தால் ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ்காரர் கேள்வி கேட்பார் என்ற பயம் நமக்கு. அதனால் பெட்டியைத் தூக்கிப்போட்டேன், மேலே ஒட்டியிருந்த மெல்லிய உறையை உரித்தேன். திறந்தால் என் பெயரும் என் படமும் வருகிற மாதிரி செய்தேன். கடிகாரத்தை மட்டும் இந்திய நேரத்துக்கு மாற்றிவைத்தேன். போனில் இதைச் சொன்னபோது அவளுக்கு ஒரே சிரிப்பு.

“உம் பேரே இருக்கட்டும், இன்னா இப்போ? கைக்கு வந்தப்புறம் நான் மாத்திக்கிறேன்.”

கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் போட்டிருந்தேன். அதற்கு முந்தைய வாரமே அம்மா கூப்பிட்டாள். டயாலிசிஸ் முடிந்து திரும்பும் வழியில், பஸ்ஸிலேயே, அம்மாவின் தோளில் சாய்ந்தபடி ஸ்டெல்லாவின் உயிர் போய்விட்டது. கிடைத்த விமானத்தில் ஓடினேன். லேப்டாப் ஏற்கெனவே பைக்குள் இருந்ததால் அதுவும் என்னோடு வந்தது.

சென்னையில் கஸ்டம்ஸ்காரர் பையைத் திறக்கச் சொன்னார்.

“லேப்டாப் யாருது?”

கண்ணாடி முன்னால் நின்று எத்தனையோ முறை சொல்லிப்பார்த்த பொய் அது. பதறாமல், கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று பழகியிருந்தேன்.

“என்னோடதுதான் சார்.”

பொய் மெய்யாகிவிட்டது. அங்கேயே உடைந்து அழுதேன். அவர் ஒன்றும் புரியாமல் போகச் சொன்னார்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு சுவரில் அவளுக்குக் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தார்கள். அச்சக முதலாளியே அமைத்தது. பெயர் ஓரத்தில் இடித்துக்கொண்டு நின்றது. அவள் பார்த்திருந்தால் மனுஷனை ஒரு வழி பண்ணியிருப்பாள். அடக்கம் முடிந்து கிளம்பும்போது லேப்டாப்பை அம்மாவிடம் விட்டுவரப் பார்த்தேன். அவள் தொடவில்லை.

“நீயே எட்த்துக்கினு போய்டு நைனா. அத்தப் பாத்தா அவ உன்னக் கேட்டதுதான் காதுல கேட்டுக்கினே கீது.”

அதனால்தான் அந்த வரிசையில் நின்றேன். கடைப்பெண் திறந்து பார்த்தாள். உங்கள் பெயர்தானே இருக்கிறது, பழுதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியானால் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று கனிவாகச் சொல்லி, ரசீதைக் கேட்டாள். நான் மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது என் வேலையெல்லாம் இதில்தான். கார் ரேஸை அழிக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை. கடிகாரத்தை இன்னும் மாற்றவில்லை. காலையில் இதைத் திறந்தால் ஊரில் மணி என்ன என்று காட்டுகிறது. அதிலிருந்து கழித்துத்தான் நான் இருக்கிற இடத்தில் மணி என்ன என்று தெரிந்துகொள்கிறேன்.