மாரியாயி வாங்கிக் கொடுக்கும் பிரேக்

பிரேக் டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் மாரியாயி வலது கையைத் தொழிற்சாலைச் சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொள்கிறார். பிறகு எண்ணெய்த் தாளைப் பிரித்து, அந்தக் கனத்த இரும்புத் தட்டைக் கடை மேசைமேல் கிடத்தி, நடுவிரல் நுனியால் வட்டமாகத் தடவிக்கொண்டே போகிறார். பார்வை தட்டின்மேல் இல்லை. எதிர்ச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் இருக்கிறது. ஒரு சுற்று முடிந்ததும் புரட்டிப் போட்டு மறுபக்கத்தையும் அப்படியே தடவுகிறார். "இது வேணாம்ணே. வேற ஒண்ணு எடுங்க" என்கிறார். கடைக்காரர் கார்த்திகேசு பின்னறைக்குப் போகிறார். இது முதல் முறை இல்லை, கடைசி முறையும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

கிள்ளானிலிருந்து காப்பார் போகும் சாலையில் இரண்டாம் மைல் கட்டையைத் தாண்டினால் கார்த்திகேசுவின் உதிரிப்பாகக் கடை. பக்கத்திலேயே ஒரு பெங்கேல், கார் பழுது பார்க்கும் கொட்டகை. என்னிடம் ஒரு பழைய டட்சன் கார் இருக்கிறது. அதற்கு மாதம் ஒரு நோய் வரும். அதற்கான சாமான் இந்த 1996-ஆம் வருஷத்தில் எந்தக் கடையிலும் உடனே கிடைப்பதில்லை. ஆகவே கார்த்திகேசு என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு எங்கெங்கோ போன் போடுவார். அப்படி உட்கார்ந்து சலித்துப்போன நாட்களில்தான் இந்த அம்மாளைக் கவனிக்கத் தொடங்கினேன். முதல் நாள், மோட்டார்சைக்கிளுக்கு ஏதோ வாங்க வந்தவர் என்று நினைத்தேன். அவர் கேட்டதோ இரண்டு கதவு ஹோண்டா சிவிக்குக்கு முன்பக்க டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் பேடும். "நல்லா சூடு தாங்கணும்ணே. ஸ்டாண்டர்டு காட்டாதீங்க."

ஐம்பதை நெருங்கும் வயது. ஒல்லி. வெள்ளை ஹெல்மெட்டின் வாரை மட்டும் தளர்த்திவிட்டு, அதைக் கழற்றாமலேயே வியாபாரம் பேசுவார். காலில் தேய்ந்த ஜப்பான் சிலிப்பர். மேருவில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலையில் வேலை. கையுறைக்குள் காற்றை ஊதவிட்டு, ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் விரலால் தேடிப் பிடித்துத் தள்ளிவைக்க வேண்டும். வருஷக் கணக்காகக் கையுறையில் தூவும் மாவில் புழங்கி விரல் நுனித்தோல் உரிந்து கிடக்கிறது. டிஸ்க்கைத் தடவும் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான். இதைக் கண்டு யாரும் பிரமிக்க வேண்டாம். அவர் தள்ளிவைக்கிற தட்டுகளில் முக்கால்வாசிக்கு ஒரு குறையும் கிடையாது என்று கார்த்திகேசு என்னிடம் தலையில் அடித்துக்கொள்வார். எல்லாம் ஒரே மெஷினில் கடைந்த தட்டுகள்தான். ஆனாலும் அவர் முகத்துக்கு நேரே ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை.

கார் மகனுடையது. பாலன், ஒரே பிள்ளை. ஷா ஆலமில் ஏர்கோன் தொழிற்சாலையில் டெக்னீஷியன். தகப்பன் கன்னையா எண்ணெய் ஆட்டும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். பையன் பள்ளியில் படிக்கும்போதே நெஞ்சு வலி வந்து போய்விட்டார். பாலன் சம்பாதிக்கத் தொடங்கியதும் செய்த முதல் காரியம், பழைய சிவிக் ஒன்றை வாங்கி, ஜப்பானிலிருந்து உதிரிச் சாமானுக்காகப் பாதியாக வெட்டி வரும் கார் ஒன்றின் எஞ்சினை அதில் தூக்கிப் போட்டதுதான். சனிக்கிழமை ஆனால் கூட்டாளிகளோடு உலு யாம் வழியாகக் கெந்திங் மலைக்குக் கிளம்பிவிடுவான். ஏறும்போது எஞ்சின் பந்தயம், இறங்கும்போது தைரியத்துக்குப் பந்தயம். இந்த மாதிரிப் பையன்களை எனக்கு ஆகவே ஆகாது. சாலையில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டு விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பார்களே, அந்த ஜாதி.

மாரியாயி சும்மா இருந்துவிடவில்லை. சாவியை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்துப் பார்த்தார். அவன் கோபித்துக்கொண்டு ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு சிநேகிதன் வீட்டில் போய்த் தங்கிவிட்டான். வாரங்கள் போயின, வரவில்லை. கடைசியில் இவரே பஸ் பிடித்துப் போய், சாவியை அவன் கையில் கொடுத்துக் கூட்டி வந்தார். அன்றைக்கு எடுத்த முடிவை என்னிடம் ஒருமுறை சொன்னார்: "ஓட்டாதன்னா கேக்க மாட்டறான். சரி, ஓடறதுக்கு என்ன வேணுமோ அவன் வாங்கிக்கட்டும்லா. நிக்கறதுக்கு வேண்டியத நான் வாங்கித் தரேன்."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம்கூட இல்லை. ஒரு வேலையைப் பங்கு பிரித்துக்கொண்ட தொனிதான் இருந்தது.

சாமான் தேர்ந்தெடுப்பதும் அவருக்குச் சுலபமாக வந்துவிடவில்லை. மென்மையான பேட் காலையில் குளிர்ந்த சக்கரத்தையும் சட்டென்று பிடிக்கும். ஆனால் மலையிறக்கத்தில் சூடேறினால் வழுக்கத் தொடங்கும், மிதித்துக்கொண்டே இருந்தாலும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். கடினமான பேட் சூட்டைத் தாங்கும், ஆனால் டிஸ்க்கைத் தின்றுவிடும், கீச்சென்று கத்தும். துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகு, பையன்களுக்குப் பிடிக்கும். ஆனால் துளையைச் சுற்றி முடி மாதிரி விரிசல் விடும். இதெல்லாம் கார்த்திகேசு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தது. முதல் தடவை அழகைப் பார்த்துத் துளை போட்டதையே வாங்கிப் போனார். விரிசல் கண்டதும் அதை மகனிடம்கூடச் சொல்லாமல் கழற்ற வைத்து, துளையில்லாத, தடித்த டிஸ்க்குக்கு மாறினார். "அழகு யாருக்கு வேணும்ணே?" என்றார். பேடில் மட்டும் ஒரே பிடிவாதம். கடையில் இருப்பதிலேயே சூடு அதிகம் தாங்குவது எதுவோ, அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலன் தூங்கிக்கொண்டிருப்பான். மாரியாயி ஒரு வாளி தண்ணீரோடு காரைக் கழுவப் போவார். கழுவுவது ஒரு சாக்கு. ரிம்மில் ஒட்டியிருக்கும் கறுப்புத் தூளை விரலில் எடுத்துப் பார்ப்பார். கம்பிகளின் இடைவெளி வழியாக டிஸ்க்கின் நிறத்தைப் பார்ப்பார். வெள்ளி மாதிரி இருந்தால் நல்லது. நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் வெந்திருக்கிறது. "கம்பத்துக் கடையில சும்மா டே தாரிக் டீ குடிச்சிட்டு வந்தோம்னு சொல்லுவான். கிட்ட போனா காஞ்ச தோசைக்கல்லு வாடை அடிக்கும்" என்பார். நீலத்தைப் பார்த்த ஞாயிறுகளில் அவர் மகனோடு சண்டை போடுவதில்லை. திங்கட்கிழமை ஓவர்டைம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, சம்பளம் வந்ததும் நேரே இங்கே வந்துவிடுகிறார்.

புதுப் பேடை வாங்கியதும் வீட்டில் அம்மன் படத்தின் முன் ஓர் இரவு வைத்துவிட்டுத்தான் பூட்ட அனுப்புவார். முதல் தடவை பக்தி மேலிட்டு, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பக்கத்திலேயே திருநீறைக் குழைத்துப் பூசிவிட்டார். கார்த்திகேசு பதறிப்போய், அந்தப் பக்கத்தில் சாமியே வந்தாலும் கை வைக்கக் கூடாது, வழுக்கிவிடும் என்று சொல்லி அதை மாற்றிக் கொடுத்தார். அதிலிருந்து பின்பக்க இரும்புத் தகட்டில் மட்டும் ஒரு கீற்று. பெங்கேலில் வேலை செய்கிற சீனருக்கும் இப்போது இது பழகிவிட்டது. அந்தக் கீற்று அழியாமல்தான் பூட்டுகிறார்.

ஒரு நாள் அவருடைய ஹோண்டா கப் மோட்டார்சைக்கிளின் டயர் பஞ்சராகிவிட, என் டட்சனில் ஏற்றிக்கொண்டு காப்பார் வரை போய் விட்டுவந்தேன். என் வண்டி போகிற வேகத்துக்குப் பிரேக்கே ஆடம்பரம். ஆனாலும் ஒவ்வொரு முச்சந்தியிலும், முன்னால் லோரி தெரிந்த ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருடைய வலது கால் தரையை அழுத்தியது. அங்கே மிதிப்பதற்கு ஒன்றும் இல்லை, ரப்பர் விரிப்புதான். என் ஓட்டலின்மேல் நம்பிக்கையில்லை போலிருக்கிறது என்று எனக்குச் சுருக்கென்றது. "பயப்படாதீங்கம்மா, இருபத்தஞ்சு வருஷமா ஓட்டறேன்" என்றேன். அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அது அப்படிச் செய்துகொண்டிருந்தது அவருக்கே தெரியவில்லை. பஸ்ஸிலும் இப்படித்தான் என்று சொல்லிக் கூச்சத்தோடு சிரித்தார்.

சென்ற சனிக்கிழமை மத்தியானம் நான் கடையில் இருந்தேன். மாரியாயி ஹெல்மெட்டோடு மூலை நாற்காலியில் உட்கார்ந்து, பேட் பெட்டியின் ஒட்டுத்தாளை நகத்தால் கிளறிக்கொண்டிருந்தார். வாசலில் தாழ்வான சிவப்புக் கார் ஒன்று வந்து நின்றது. உள்ளே வந்த பையன் எங்களைத் திரும்பியும் பார்க்காமல் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, பாலனுக்குக் கொடுத்த அதே சாமான் தனக்கும் வேண்டும் என்றான். கார்த்திகேசு மூலை நாற்காலிப் பக்கம் கண்ணைக் காட்டினார். அவனுக்குப் புரியவில்லை.

"மலையில எறங்கறப்ப நாங்க எல்லாரும் பிரேக் பிடிச்ச பொறகும் அவன் பிடிக்க மாட்டான் அங்கிள். வளைவு மூக்குகிட்ட வந்தப்புறம்தான் மிதிப்பான். இப்ப அவன யாராலயும் தொட முடியலலா. கேட்டா, எங்கம்மா போட்டுக் கொடுத்த பிரேக்குடா, எனக்கென்ன பயம்ங்கறான்."

அவன் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னான். சாமான் நாளைக்குத்தான் வரும் என்று பொய் சொல்லிக் கார்த்திகேசு அவனை அனுப்பிவைத்தார். எனக்கு அந்தப் பையனை நிறுத்தி இரண்டு அறை விட வேண்டும் போலிருந்தது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவன் பொய்யொன்றும் சொல்லவில்லையே.

மாரியாயி எழுந்து வந்து பெட்டியை மேசைமேல் வைத்தார். இது வேண்டாம், ஸ்டாண்டர்டு பேட் கொடுங்கள், டிஸ்க்கும் பழைய மாதிரி மெல்லிசாகவே இருக்கட்டும், நாளைக்கே மாற்றிவிடலாம் என்றார். குரல் நிதானமாகத்தான் இருந்தது, கைதான் பெட்டியை விட்டு வரவில்லை.

கார்த்திகேசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த மனிதருக்கு அன்றைக்கு அது விற்றாலும் ஒன்றுதான், விற்காவிட்டாலும் ஒன்றுதான். "மாத்த முடியாது மாரியாயி" என்றார். "அவன் காலு இந்தப் பிரேக்குக்குப் பழகிப்போச்சு. நீ ஸ்டாண்டர்டு போட்டாலும் அவன் இப்ப மிதிக்கிற எடத்துலதான் மிதிப்பான். வண்டி நிக்காது."

"சொல்லிட்டுப் போட்டா?"

"சொன்னா அவனே வேற கடையில வாங்கிக்குவான். என்னத்த வாங்குவான்னு யாருக்குத் தெரியும்? சொல்லாம போட்டா..." என்று தொடங்கியவர் அதை முடிக்கவில்லை.

மாரியாயி தலையை ஆட்டினார். கணக்கு அவருக்குப் புரிந்துவிட்டது. நல்ல பிரேக் கொடுக்கக் கொடுக்க அவன் வளைவை இன்னும் நெருங்குவான். கொடுக்காமல் நிறுத்தினால் வளைவைத் தாண்டிப் போவான். இனி வாங்காமல் இருக்கவும் முடியாது, வாங்கி நிம்மதியாக இருக்கவும் முடியாது. "அப்ப நான்தான் அவனை அங்க கொண்டுபோய் விட்டிருக்கேன்" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்றோ என்னவோ உளறினேன். நல்லவேளை, அது அவர் காதில் விழவில்லை.

மாரியாயி வலது கையைச் சட்டையில் அழுத்தித் துடைத்தார். கார்த்திகேசு எடுத்து வைத்திருந்த தடித்த டிஸ்க்கின் எண்ணெய்த் தாளைப் பிரித்து, நடுவிரலை வைத்து, மெல்லச் சுற்றிக்கொண்டு வந்தார். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. இந்தத் தடவை வேறு ஒன்று கேட்கவில்லை. "கட்டிக் குடுங்கண்ணே" என்றார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டதால் கிளம்ப முடியவில்லை. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு மூலை நாற்காலியிலேயே உட்கார்ந்தார். கார்த்திகேசு தேநீர் வரவழைத்தார். ஏடு கட்டும்வரை அதை அவர் தொடவில்லை. நானும் என் டட்சனை மறந்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காப்பார் சாலையில் எங்கோ ஒரு டயர் நீளமாகக் கிறீச்சிட்டது. யாருடைய காரோ, யாருடைய பிள்ளையோ. கார்த்திகேசு எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, நின்றுவிட்டான் என்றார். நான் மாரியாயி பக்கம் திரும்பினேன். முகம் அசையவில்லை. மடியிலிருந்த பொட்டலத்தை இரு கைகளாலும் பற்றியிருந்தார். வலது கால் சிலிப்பரோடு சிமெண்டுத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. சத்தம் அடங்கி, மழை மட்டும் கேட்கத் தொடங்கிய பிறகும் அவர் அந்தக் காலை எடுக்கவில்லை.