சத்தமில்லாத டிரம் தேடிப் போன கதை

டிரம் வாசிக்கிறவனை எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் நாலு தெரு தள்ளிக் குடியிருந்தால்தான் பிடிக்கும். குச்சி பிடித்த உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காஞ்சிபுரத்தில் ஒரு இன்னிசைக் குழுவில் நான் டிரம்மர். கல்யாண வரவேற்பு, காதுகுத்து, கோயில் திருவிழா, எதற்குக் கூப்பிட்டாலும் போவோம். மேடையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வம்பெல்லாம் வீட்டில் பிராக்டிஸ் பண்ண உட்காரும்போதுதான்.

கழுத்தில்லாத மயில்

பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டின் பின்போர்ஷனில் குடியிருக்கிறேன். முன்போர்ஷனில் வீட்டு ஓனர் தணிகாசலம் அண்ணன் பட்டுத் தறி போட்டிருக்கிறார். நடுவில் ஒரே ஒரு சுவர். தறியிலும் காலால் மிதிக்க வேண்டும், டிரம்மிலும் காலால் மிதிக்க வேண்டும். அங்கேதான் வந்தது வினை. நான் இந்தப் பக்கம் வேகமாக ஒரு குத்துப் பாட்டு எடுத்தால், அந்தப் பக்கம் அவர் கால் அவரைக் கேட்காமலே கூடுதலாக ஒரு மிதி மிதித்துவிடும். ஒரு மிதி கூடினால் டிசைனில் ஒரு வரி காணாமல் போய்விடும்.

ஒருநாள் கதவைத் தட்டி என்னைத் தறிக்குக் கூட்டிப் போனார். சேலை முழுக்க வரிசையாக மயில் புட்டா. அழகாகத்தான் இருந்தது. நான் பிராக்டிஸ் பண்ணின நேரத்தில் நெய்த மயில்களைத் தவிர. அவற்றுக்குக் கொண்டை இருந்தது, உடம்பு இருந்தது, நடுவில் கழுத்தைக் காணோம். எனக்குச் சிரிப்பு வேறு வந்து தொலைத்தது. அண்ணன் சிரிக்கவில்லை.

"கல்யாணப் பொண்ணு கட்டற பொடவை பா இது. ஆடி முடியறதுக்குள்ள சத்தத்தை நிறுத்து, இல்லன்னா வேற வீடு பாத்துக்கோ."

வீடு பார்த்த லட்சணம்

வேறு வீடு பார்க்காமலா இருந்தேன்? என் மகள் பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எங்கே போவது? இருந்தாலும் ஊரின் அடுத்த கோடி வரை சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் விசாரித்தேன். எல்லா வீட்டிலும் ஒரே கதைதான். முதலில் மோர் கொடுப்பார்கள், அப்புறம் என்ன வேலை என்று கேட்பார்கள், அப்புறம் சொந்தக்காரர் வரப்போகிறார் என்பார்கள்.

ஒரு அம்மா மட்டும் மறைக்காமல் பேசினார். சாவியைக்கூடக் கையில் கொடுத்துவிட்டார். டிரம்மர் என்றதும் அப்படியே வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "அம்மா, குடி, சிகரெட்டு ஒண்ணும் கிடையாதும்மா" என்று கெஞ்சினேன்.

"குடிக்கறவனா இருந்தாக்கூட ராத்திரி மட்டுந்தான் பா சத்தம் போடுவான்" என்றார்.

வாரில்லாத டிரம்

அந்த நேரத்தில்தான் சென்னையில் வாத்தியக் கண்காட்சி நடக்கிறது, ஹெட்போனில் மட்டும் கேட்கிற எலக்ட்ரானிக் டிரம்மெல்லாம் வருகிறது என்று சேகர் வந்து சொன்னான். சேகர் பேண்டு செட்டில் பெரிய டிரம் அடிப்பவன். நம்மைப் போல உட்கார்ந்து வாசிக்கிற ஆள் இல்லை. சாமி ஊர்வலத்தில் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தபடியே அடிப்பான். தணிகாசலம் அண்ணனும் கூடவே கிளம்பிவிட்டார். "சத்தம் வரலன்னு நீ சொன்னா போதுமா? என் காலு சொல்லணும்" என்பது அவர் கட்சி.

கண்காட்சிக்குள் நுழைந்தால், ஐயோ, அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்வேன். நூறு டிரம்மர், ஆளுக்கு ஒரு தாளம், ஒருவன் வாசிப்பதை ஒருவன் கேட்கவில்லை. சொர்க்கம்தான், போங்கள். அண்ணன் முகத்தைப் பார்த்தால் அவருக்கு அப்படித் தோன்றவில்லை என்று தெரிந்தது.

சேகர் நேராகப் போய்ப் பளபளவென்று இருந்த ஒரு டிரம் செட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். கீழே குனிந்து பார்த்தான். பின்னாடி கைவிட்டுத் துழாவினான். கடைக்காரத் தம்பி பதறிப்போய் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டான். தோள்வார் எங்கே மாட்டுவது என்றான் சேகர். இதை உட்கார்ந்துதான் சார் வாசிக்கணும் என்று அந்தத் தம்பி பொறுமையாக விளக்கினான். சேகர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"நான் உக்காந்துக்கினா சாமி எப்படி பா தெரு திரும்பும்?"

மணி அடித்தால்

சேகருக்கு இடுப்பில் கட்டுகிற டிரம் ஒன்று கிடைத்தது. அதைக் கட்டிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தான். அந்த ஹாலில் ஒரு விதி: யார் வேண்டுமானாலும் கொஞ்ச நேரம் வாசித்துப் பார்க்கலாம். சத்தம் எல்லை மீறினால், கழுத்தில் அட்டை மாட்டின அதிகாரி ஒருவர் வந்து கைமணி அடிப்பார். உடனே நிறுத்திவிட வேண்டும். எல்லோரும் மரியாதையாக நிறுத்தினார்கள்.

ஆனால் சேகர் பிறந்ததிலிருந்து சாமிக்கு முன்னால் அடிக்கிறவன். எங்கள் ஊரில் மணி அடித்தால் தீபாராதனை என்று அர்த்தம். அதுவரை மெதுவாக அடித்தவனும் அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு வெளுத்து வாங்குவான். அதிகாரி மணி அடித்தார். சேகர் கண்ணை மூடிக்கொண்டு வெளுத்து வாங்கினான். கேட்கவில்லை போலிருக்கிறது என்று அவர் கிட்டே வந்து பலமாக அடித்தார். சேகர் இன்னும் உக்கிரமாக ஏறினான். அவர் முகம் சிவக்க மணியை ஆட்டுகிறார், இவனுக்கு உடம்பெல்லாம் வேர்வை. சுற்றி நின்றவர்கள் இதை ஏதோ நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டினார்கள். அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். கடைசியில் சேகரே மூச்சு வாங்கிக்கொண்டு கண்ணைத் திறந்தான்.

"சார், நீங்க மொதல்ல நிறுத்துங்க, அப்பதான் நான் நிறுத்த முடியும்."

யார் காது

காதடைப்பான் விற்கிற கடை ஒன்று இருந்தது. எனக்குச் சட்டென்று ஒரு யோசனை. எலக்ட்ரானிக் டிரம் விலை எப்படியும் என் கழுத்தை நெரிக்கும். இதுவோ கையளவு டப்பா. அண்ணனுக்கு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்துவிட்டால்? நைசாக அவரை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன்.

அவரும் வாங்கி மாட்டிப் பார்த்தார். ஹாலே அடங்கிவிட்டது போல முகம் மலர்ந்தது. தீர்ந்தது பிரச்சினை என்று நான் பர்ஸை எடுத்தேன். அவர் நிதானமாகக் கழற்றி டப்பாவில் வைத்து மூடினார். தறியில் இழை அறுந்தால் சத்தத்தில்தான் தெரியும், காதை அடைத்துக்கொண்டு நெய்யச் சொல்கிறாயா என்று கேட்டார். நான் பர்ஸைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

"அதும் இல்லாம, அடிக்கறது நீ, காத மூடிக்கறது நானா? நல்லா இருக்குது பா உன் நியாயம்."

காலின் தீர்ப்பு

கடைசியில் எலக்ட்ரானிக் டிரம் கடைக்கு வந்தோம். தட்டுத் தட்டாக ரப்பர் பேட், காலுக்கு இரண்டு பெடல், ஒரு ஹெட்போன். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்து, தறிக்குழியில் வைக்கிற மாதிரி இரண்டு காலையும் தரையில் வைத்தார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மயில் கழுத்தைத் தின்ற அதே பாட்டை எடுத்தேன். கை வாசிக்கிறது, கண் அவர் கால் மேலேயே இருக்கிறது. அந்தக் கால் விரல் அசைந்தால் என் மகள் பள்ளிக்கூடம் மாற வேண்டும். முழுப் பாட்டையும் முடித்துவிட்டேன். கால் அசையவில்லை. "என்ன பா, ஆரம்பிக்கப் போறியா இல்லையா?" என்றார் அண்ணன். அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்படி உள்ளே என்னதான் கேட்கிறது என்று அவரும் ஹெட்போனை மாட்டிப் பார்த்தார். குச்சியை வாங்கினார். காலைப் பெடலில் வைத்தார். பிறகு நடந்ததை நான் எப்படிச் சொல்வது? பழக்கப்பட்ட கால் அது. தறி நெய்கிற அதே நடை, ஒரு அடி பிசகவில்லை, கை மட்டும் அவ்வப்போது, தறியில் இழுக்கிற கயிறு இங்கேயும் இருப்பதாக நினைத்துத் தேடி இழுத்தது. வாசித்துப் பார்க்க வந்தவர்கள் பின்னால் வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். கடைக்காரத் தம்பி என்னைப் பார்க்கிறான். நான் அண்ணன் தோளைத் தட்டினேன்.

"இரு பா, இந்த மொழம் முடிச்சிட்டு எழுந்துக்கறேன்."

வீட்டில் அமைதி

காட்சிக்கு வைத்திருந்த, கொஞ்சம் கீறல் விழுந்த செட் ஒன்றைச் சலுகை விலையில் தவணைக்கு வாங்கி வந்தேன். வீடு நிம்மதியானது. மயில்களுக்குக் கழுத்து முளைத்தது. அண்ணன் சாப்பிட்ட கையோடு "சும்மா பாத்துட்டுப் போறேன்" என்று வர ஆரம்பித்தார். அப்புறம் காலையில் வந்தார். அப்புறம் நான் பிராக்டிஸ் பண்ண அவர் எழுந்திருக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஓனரை எழுந்திரு என்று எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

அவர் மனைவி கஸ்தூரி அக்காவுக்குத் தறிச் சத்தம் நின்றால் உடனே தெரிந்துவிடும். முகூர்த்தச் சேலை பாதியில் நிற்கிறது, ஆளைக் காணோம். நேராக என் வீட்டுக்குள் வந்தார். அண்ணன் ஹெட்போனோடு கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். அக்கா கூப்பிட்டார், கத்தினார், திட்டினார். தெருவே வாசலில் வந்து நின்றது, அண்ணனுக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"காலி பண்றதுன்னா தனியா போவாத பா, இந்த மனுசனையும் இட்டுக்கினு போ."

ஆகவே என் சக டிரம்மர்களே, சத்தமில்லாத டிரம் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது, அதை வைக்கத்தான் சத்தமில்லாத வீடு இன்னும் கிடைக்கவில்லை.