கச்சான் காற்றில் மாமியின் கோப்பி

என் மேசையில் வறுக்கிற மண் ஓடு ஒன்று இருக்கிறது. கோப்பிக்கொட்டை வறுத்து வறுத்துக் கருத்துப்போனது. மூக்குக்கண்ணாடியை அதற்குள் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுவது என் அன்றாடத் தொழில். ஓடு என் மாமியுடையது. பழுகாமத்துப் பக்கம், ஓடத்துறைக்கு முன்னால் அவருடைய கோப்பிக் கடை இருந்தது. கிடுகுக் கூரை, உட்கார இரண்டு வாங்குகள், அவ்வளவுதான். மழைக்கு ஒதுங்கி உள்ளே நுழைந்தால் அடுப்பின் சூடும் மல்லியும் சுக்கும் கலந்த வாசனையும் ஆளைப் பிடித்து இருத்திவிடும். நான் அப்போது புதிதாக நியமனம் பெற்ற வாத்தியார். கண்ணாடி போட்டிருந்ததால் அறிவாளி என்று ஊர் நம்பியிருந்தது.

மாமா காலமான பிறகு மாமியே கடையில் நின்றார். அது மாமாவின் தமையனுக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பெரிய மாமாவான அவர் கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கர். துறையில் ஓடிய ஓடங்களும் அவருடையவை. வெள்ளைச் சேலைக்காரி கண்டவனுக்கெல்லாம் கோப்பி ஆற்றுவது குடும்பத்துக்கு இழுக்காம். கடையைப் பூட்டினால் ஆயுள் முழுக்க நெல் அனுப்புவாராம். இதை எடுத்துச் சொல்ல, பேச்சில் வல்லவன் என்று என்னை அனுப்பினார்.

போனேன். மாமி கோப்பி நிறைந்த மூக்குப்பேணியை நீட்டினார். "குடிச்சிட்டுச் சொல்லு மனே." குடித்ததும் வந்த காரியம் மறந்துபோனது. இன்னொரு பேணி குடித்து ஒருவாறு சொல்லி முடித்தேன்.

மாமி அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னார்: "இந்த வளவு எங்கம்மா எனக்குத் தந்த சீதனம். ஒங்கட மாமாதான் இந்த வாசலுக்கு வந்தவரு, நான் அவங்கட வாசலுக்குப் போகல்ல. பெரியவர்ர நெல்லத் திண்டா மறுகா அவர்ர சொல்லுக்கும் தலையாட்ட வேணும். ஒண்ணா, ஏலாது எண்டு போய்ச் சொல்லு."

சொன்னேன். அது வாடைக்காற்றுக் காலம். பெரிய மாமா துறையையே கூப்பிடுதூரத்தில் இருந்த நாவல் மரத்தடிக்கு மாற்றினார். அந்தக் கடையில் குடித்தவனுக்கு ஓடத்தில் இடமில்லை என்றும் கட்டளையிட்டார். வாங்குகள் வெறிச்சோடின. மாமிக்கு வேறு வருமானம் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு விடியலிலும் அடுப்பை மூட்டினார். பேணிகளைக் கழுவிக் கவிழ்த்தார். எஞ்சிய ஒரே வாடிக்கையாளன் நான். அதுவும் பின்வேலியால் புகுந்து வருபவன். கிழிந்த வேட்டியோடு பாடம் நடத்திய வாத்தியார் அந்த வட்டாரத்தில் நான் ஒருவனே. ஒருநாள் மாமி கேட்டார்: "என்னத்துக்கு மனே களவா வாற? நான் என்ன கள்ளா விக்கன்?" மறுநாள் முன்வாசலால் போனேன். பெரிய மாமா பார்க்கட்டும் என்று ஒரு இருமலும் இருமினேன், சற்று மெதுவாகத்தான்.

பிறகு கச்சான் காற்றுப் பிறந்தது. துறையை மாற்றிய நாட்களில் காற்று அங்கிருந்து கடைப்பக்கம் வீசியது; இப்போது கடையிலிருந்து நேரே நாவல் மரத்தடிக்கு. நெல் தூற்றவும் ஓடம் விடவும் காற்றுப் பார்க்கிற மனிதர், கோப்பிக்குப் பார்க்க மறந்துவிட்டார். மாமி மறக்கவில்லை. பின்கோடியில் வறுத்துவந்தவர் அடுப்பை முன்முற்றத்துக்குக் கொண்டுவந்தார். ஓடம் புறப்படும் நேரம் பார்த்து ஓட்டில் கொட்டையைக் கொட்டினார்.

முதலில் வந்தவர்கள் ஓடக்காரர்கள்தான். தண்டு வலிக்க ஆளில்லாத ஓடத்தில் உட்கார்ந்து என்ன செய்வது? பயணிகளும் இறங்கி வந்தார்கள். அத்தனை பேரையும் தடுத்தால் பெரிய மாமா வெறும் ஓடத்தைத்தான் அக்கரைக்கு அனுப்ப வேண்டும்.

சில நாளில் ஓடக்காரர் ஒருவர் போத்தலோடு வந்தார். "பெரியவருக்குத் தடிமனாம், மூக்கு ஓடுதாம். மருந்துக்குக் கொஞ்சம் கோப்பி கேட்டார்."

"போத்தலில குடுக்க மாட்டன். வேணுமெண்டா வாங்கில வந்து இரிந்து குடிக்கச் சொல்லுங்க."

வந்தார். நாங்கள் எல்லோரும் எழுந்துவிட்டோம். மாமி அடுப்படியை விட்டு அசையவில்லை. "சீனியா, சர்க்கரைக்கட்டியா?" என்று மட்டும் கேட்டார். "சர்க்கரை," என்றார் பெரிய மாமா, நிலத்தைப் பார்த்து. அடுத்த வாரம் ஓடங்கள் பழைய துறைக்கே திரும்பின.

இப்போது மாமியின் பேத்தி நகரத்தில் பஸ் நிற்கும் இடத்தருகே கோப்பிக் கடை போடப்போகிறாளாம். 'ஊர் என்ன சொல்லும்' என்று உறவினர்கள் கூடிப் பேசி, புத்தி சொல்ல என்னையே தெரிந்தெடுத்திருக்கிறார்கள். என் கடந்தகாலத் திறமை அவர்களுக்குத் தெரியாது.

போகத்தான் போகிறேன். கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டேன். ஓட்டையும் துடைத்துப் பைக்குள் வைத்துவிட்டேன். அவளுக்கு வறுக்க ஒன்று வேண்டுமே.